இரு கண்ணிலும் ஒரே சொட்டு

1670-களில் கொச்சி டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. மலபாரின் ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் மிளகு வியாபாரத்தோடு நிற்காமல், இந்தக் கரையில் முளைக்கும் செடிகொடிகளை எல்லாம் படமாக வரைந்து தொகுக்கும் வேலையில் இறங்கினார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணி வைத்தியர்களும் செடிகளின் குணங்களைச் சொல்லச் சொல்ல உருவான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது. அந்தச் செடிகளின் வரிசையில் ஊமத்தையும் உண்டு.

ஊமத்தை இன்னும் இங்கேதான் இருக்கிறது. தரிசிலும் குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் யாரும் வைக்காமலே முளைக்கிறது. பூ சிவனுக்குப் போகிறது. இலைச்சாறு, ஆறாத புண்ணுக்குப் போடும் மத்தன் தைலத்துக்குப் போகிறது. விதை விஷம் என்பது கிராமத்தில் குழந்தைக்கும் தெரியும். இலையைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்பது அவ்வளவாகத் தெரியாது.

கொச்சிக் காயலில் எர்ணாகுளத்துக்கு எதிரே இருக்கும் வல்லார்பாடம் தீவையே எடுத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர்களுக்கு அது வல்லார்பாடத்தம்மையின் பசிலிக்கா. 2011-க்குப் பிறகு, பெரிய கப்பல்கள் வந்து சரக்குப் பெட்டகங்களை இறக்கும் முனையமும்கூட. அங்கே ஒரு வீட்டில் காலையில் கொல்லையைச் சுத்தம் செய்யும் பெண் ஒருவர் வேலிச்செடிகளைப் பிடுங்குகிறார், வியர்வையைத் துடைக்கும் சாக்கில் வலது கண்ணைத் தேய்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் அந்தக் கண்ணில் கிட்டத்துப் பார்வை மங்கும். வெளிச்சம் கூசும். கண்ணாடியில் பார்த்தால் வலது கண்ணின் பாவை அகன்று, இடது கண்ணுடையதைப்போல இரண்டு மடங்காகத் தெரியும்.

2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை இந்தத் தீவிலிருந்து எர்ணாகுளம் மருத்துவமனைக்குப் போகப் படகுதான். இப்போது ஆட்டோவில் சில நிமிடம். வேகமாகப் போய்ச் சேர்வது நல்லதுதான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த அகன்ற பாவையைப் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் ஞாபகம் வருவது ஊமத்தை அல்ல, மூளை.

காரணம் இருக்கிறது. பாவையைச் சுருக்கும் நரம்பு இழைகள் மூளையிலிருந்து வரும் மூன்றாம் நரம்பின் மேல்தோலில், வெளிப்பக்கமாக ஓடுகின்றன. மூளையின் அடியில் உள்ள இரத்தக்குழாய் ஒன்று பலூன்போல வீங்கி அந்த நரம்பை அழுத்தினால் முதலில் அடிபடுவது அந்த இழைகள்தான். வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தலையில் அடிபட்டு மூளை வீங்கும்போதும் ஒரு பக்கப் பாவை அகலும். ஆகவே ஒற்றைப் பாவை விரிந்து நிற்கும் நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்புவது தவறில்லை. ‘காலையில என்ன வேலை செஞ்சீங்கம்மா?’ என்று அதோடு சேர்த்துக் கேட்கிற மருத்துவர் இருந்தால் பாதிக் கதை அங்கேயே தெளிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் சொட்டு மருந்து.

சோதனை இவ்வளவுதான்: பாவையைச் சுருக்கும் பைலோகார்பின் மருந்தின் 1 சதவீதச் சொட்டை இரண்டு கண்ணிலும் விட்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நரம்பு செத்துப்போயிருந்தாலும் பாவையைச் சுருக்கும் தசை உயிரோடுதான் இருக்கிறது. மருந்து நேராகத் தசையிடம் பேசுவதால் பாவை நன்றாகச் சுருங்கும். ஊமத்தைச் சாறு பட்ட கண்ணில் சுருங்காது. ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபாலமின், அட்ரோபின் போன்ற பொருள்கள் பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தவரைப்போலத் தசையின் ஏற்பிகளில் முன்பே உட்கார்ந்துவிட்டன; பின்னால் ஏறும் பைலோகார்பினுக்கு உட்கார இடமில்லை. சுருங்க மறுத்த பாவை, கோளாறு நரம்பில் இல்லை, வெளியிலிருந்து வந்த பொருளில் என்று சொல்லிவிடுகிறது. கண் சில நாளில் தானாகச் சரியாகிவிடும்.

இந்தச் சோதனையை முறைப்படுத்தி 1971-இல் கட்டுரையாக எழுதியவர்கள் தாம்சன், நியூசம், லோவன்ஃபெல்ட் என்ற மூவர். ஸ்டான்லி தாம்சன் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பாவையையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். ஐரீன் லோவன்ஃபெல்ட் இன்னும் ஒரு படி மேல்: பாவையைப் பற்றி மட்டும் அவர் எழுதிய பெரும் புத்தகம் 1993-இல் வெளிவந்தது.

ஊமத்தை மட்டுமே குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு தோட்டங்களில் நீளமாகத் தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூ இதே குடும்பம். அதைக் கத்தரிக்கும் தோட்டக்காரர்களுக்கும் இதே கதி. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் வைக்கும்போது முகமூடி சரியாகப் பொருந்தாமல் இப்ராட்ரோபியம் புகை ஒரு கண்ணுக்குள் போனாலும் அந்தப் பாவை விரிந்து நிற்கும். ஏற்கெனவே மயக்கத்தில் இருக்கும் நோயாளி என்றால் வார்டே பதறிப்போகும். கப்பல்காரர்களுக்கு வேறொன்று. கடல் குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபாலமின் பட்டை வெளிநாடுகளில் 1979 முதல் புழக்கத்தில் உள்ளது. அதை ஒட்டிய விரலைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் போதும். துறைமுகப் பக்கத்து மருத்துவர் காதுக்குப் பின்னாலும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இந்தச் சமாசாரம் ஐரோப்பாவில் ஒரு பூனையால் பிரபலமானது. 1819-இல் ஃபிரீட்லீப் ரூங்கே என்ற மாணவர், ஊமத்தையின் உறவுக்காரச் செடி ஒன்றின் சாற்றை ஒரு கண்ணில் மட்டும் விட்ட பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கவிஞர் கோத்தேயைப் பார்க்கப் போனார். ஒரு பாவை அகன்றும் மற்றது கீற்றாகவும் இருந்ததைக் கண்டு வியந்த கோத்தே, இளைஞரை அனுப்பும்போது ஒரு பெட்டி காப்பிக்கொட்டையைக் கொடுத்து இதையும் ஆராய்ந்து பாருங்கள் என்றார். ரூங்கே அதிலிருந்து பிரித்தெடுத்தது கஃபீன். காப்பி குடிப்பவர்கள் அந்தப் பூனைக்கும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறார்கள்.

சொட்டு விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதில் காசும் செலவாகாது. விளக்கை அணைத்துப் பார்ப்பதும் போட்டுப் பார்ப்பதும்தான் அது. இரு பாவைகளுக்கும் உள்ள வித்தியாசம் நல்ல வெளிச்சத்தில் கூடினால், சுருங்க வேண்டியது சுருங்கவில்லை என்று பொருள். பெரிய பாவையில்தான் கோளாறு. இருட்டில் கூடினால், விரிய வேண்டியது விரியவில்லை. சின்னப் பாவையில் கோளாறு. இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் பெரும்பாலும் பிறவியிலேயே அப்படித்தான். ஐந்தில் ஒருவருக்கு இப்படிச் சிறு வித்தியாசம் இருக்கிறது.

நம் ஊர்க் கண்களில் இதைப் பார்ப்பதே ஒரு பாடு. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களின் படங்களில் எல்லாம் நீலக்கண்ணோ பச்சைக்கண்ணோதான். அதில் பாவையின் விளிம்பு பளிச்சென்று தெரியும். நமக்குப் பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸே கரும்பழுப்பு. அதன் நடுவில் கறுப்பு வட்டம் எங்கே முடிகிறது என்பதைச் சாதாரண வெளிச்சத்தில் பார்ப்பது கடினம். இருட்டில் கேட்கவே வேண்டாம். அதனால் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து, கீழிருந்து அடிக்க வேண்டியிருக்கிறது; வசதியுள்ள இடங்களில் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் படமெடுக்கிறார்கள். கரிய ஐரிஸின் நிறமிகள் சொட்டு மருந்துகள் சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மருந்து வேலை செய்யவும் கூடுதல் நேரம் ஆகும். வெளிநாட்டுக் கணக்கை அப்படியே கடிகாரத்தில் வைத்துப் பார்த்து, 30 நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுந்துபோகக் கூடாது.

பைலோகார்பினுக்கே இன்னொரு வேலை உண்டு, அதுவும் மிக நீர்த்த நிலையில். இளம்வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு பாவை விரிந்திருக்கிறது. டார்ச் அடித்தால் சுருங்குவதே இல்லை. ஆனால் கிட்டத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னால் மெல்ல மெல்லச் சுருங்குகிறது, விரலை எடுத்த பிறகும் விரியச் சோம்பல்படுகிறது. கணுக்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளவில்லை. லண்டனில் பணியாற்றிய வில்லியம் ஜான் ஏடியும் கார்டன் ஹோம்ஸும் 1930-களின் தொடக்கத்தில் விவரித்த நிலை இது. இன்று ஏடியின் பாவை என்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிலியரி நரம்புமுடிச்சு பழுதாவதுதான் காரணம். உயிருக்கு ஆபத்தில்லாத நோய். ஆனால் அதைச் சொல்லும்முன் உறுதிசெய்ய வேண்டுமே.

நரம்பின் தொடர்பு அறுந்த தசை சும்மா இருப்பதில்லை. சில நாளில் தன் மேல்பரப்பில் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்டு, கிடைக்கிற துளி இரசாயனத்துக்கும் துள்ளி எழும். இதைத்தான் சோதனை பயன்படுத்திக்கொள்கிறது. 0.1 சதவீதப் பைலோகார்பின் ஆரோக்கியமான பாவையை ஏறக்குறைய அசைப்பதில்லை. ஏடியின் பாவையோ சுருங்கிவிடும், சில சமயம் நல்ல கண்ணைவிடவும் சின்னதாகிவிடும். 0.1 சதவீதச் சொட்டு மருந்துக்கடையில் தயாராகக் கிடைப்பதில்லை. கண் அழுத்த நோய்க்குப் பழைய காலத்திலிருந்து கொடுத்துவரும் 2 சதவீதச் சொட்டிலிருந்து சிரிஞ்சில் 0.1 மில்லி எடுத்து, அதோடு 1.9 மில்லி சலைன் சேர்த்துக்கொள்கிறார்கள். ஸ்கேனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது ஒன்றுமே இல்லை. மாவட்ட மருத்துவமனையில் செய்யக்கூடிய இந்தச் சோதனை மருத்துவமனைகளில் போதுமான அளவு செய்யப்படுவதில்லை என்பது வருத்தம்தான்; ஸ்கேன் இயந்திரம் பக்கத்து அறையில் இருக்கும்போது சிரிஞ்சில் சலைன் கலக்க யாருக்குப் பொறுமை?

பொறுமை இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: மூன்றாம் நரம்பு பாதிக்கப்பட்ட பாவையும் சில நேரம் நீர்த்த பைலோகார்பினுக்குச் சுருங்கும். இமை சரிந்திருக்கிறதா, கண் நாலாபக்கமும் அசைகிறதா என்று பார்க்காமல் சொட்டின் பேச்சை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

இதுவரை சொன்னது விரிந்த பாவையின் கதை. சுருங்கிய பாவையின் கதை இன்னும் நீளம், ஏனென்றால் அதன் நரம்பே ஊரைச் சுற்றி வருகிறது. பாவையை விரிக்கும் பரிவு நரம்பு மூளையின் ஹைப்போதலாமஸில் கிளம்பி, தண்டுவடம் வழியாக நெஞ்சு மட்டம்வரை இறங்குகிறது. அங்கிருந்து வெளியேறி, நுரையீரலின் உச்சியைத் தொட்டுக்கொண்டு கழுத்தில் மேலேறி, தாடைக்கு அருகில் ஒரு முடிச்சில் நின்று, கரோட்டிட் தமனியைச் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் நுழைந்து கண்ணுக்கு வருகிறது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மூளையிலிருந்து இத்தனை சுற்று. வழியில் எங்கே அடிபட்டாலும் பாவை சிறுத்து, மேல் இமை ஓரிரு மில்லிமீட்டர் சரிந்து, சில நேரம் அந்தப் பக்கம் முகம் வியர்க்காமலும் போகும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கழுத்தில் குண்டடிபட்ட சிப்பாயிடம் இதைக் கண்டு 1864-இல் எழுதியவர் வியர் மிட்செல். ஆனால் பெயர் நின்றது 1869-இல் விவரித்த சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹார்னருக்கு.

ஹார்னரின் பாவை என்று உறுதிசெய்ய நெடுங்காலம் கையாண்ட சொட்டு கொக்கைன். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கைன் சொட்டு கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் கண்டுபிடித்தார். அறுவை சிகிச்சையில் அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்தின் தொடக்கம் அது. கொக்கைன் பாவையை விரிக்கவும் செய்யும், ஆனால் நரம்பு முனை நாரட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருந்தால்தான். சுரந்ததைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. நரம்பு வேலை செய்யாத ஹார்னர் கண்ணில் தடுக்க எதுவும் இல்லை, பாவை அப்படியே இருக்கும். நல்ல கண்ணின் பாவை விரிந்து, ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொக்கைன் வைத்திருப்பதே பெரிய நிர்வாகத் தலைவலி. கண் மருத்துவமனைகளில் அதைத் தேடிப் பயனில்லை. கிடைக்கும் நாடுகளிலும் வேறொரு சிக்கல். கண்ணில் விட்ட கொக்கைனின் எச்சம் ஓரிரு நாள் சிறுநீரில் தென்படும். வல்லார்பாடம் போன்ற துறைமுகங்களுக்கு வந்துபோகும் மாலுமிகளுக்குப் போதைமருந்துப் பரிசோதனை வேலையின் ஒரு பகுதி. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கண் சோதனை செய்துகொண்ட மாலுமி, மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்காமல் கப்பலேறினால் வேலைக்கே வேட்டு.

இந்த இடத்துக்கு வந்தது ஆப்ராகுளோனிடின். கண் அழுத்தம் குறைக்கப் பிறந்த மருந்து. ஹார்னர் கண்ணில் அது என்ன செய்கிறது என்ற கட்டுரை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாவையை விரிக்கும் ஏற்பிகளின் மேல் அதற்கு மிகச் சொற்பமான பிடிதான். நல்ல கண்ணில் அது தெரியவே தெரியாது. பட்டினியில் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்ட ஹார்னர் கண்ணுக்கோ அந்தச் சொற்பமே விருந்து. சிறிதாக இருந்த பாவை பெரிதாகிறது, சரிந்த இமை ஏறுகிறது. முன்பு இடது பாவை சிறியது என்றால் இப்போது வலதுதான் சிறியது. இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் நோயாளியின் உறவினருக்கே புரிந்துவிடும். கையில் ஆப்ராகுளோனிடின் இல்லாத இடங்களில், 1 சதவீதத்துக்கு நீர்த்த பினைலெஃப்ரினை இதே தத்துவத்தில் பயன்படுத்துவதும் உண்டு. நரம்பு எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பதைப் பிரித்துச் சொல்ல ஹைட்ராக்ஸி ஆம்ஃபெடமின் என்ற சொட்டும் இருந்தது. இப்போது உலகம் முழுக்கவே அது கிடைப்பது அரிதாகிவிட்டது. அந்த வேலையை எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டது.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஆப்ராகுளோனிடின் விடுவதைத் தவிர்க்கிறார்கள். அது மூளைக்குள் போய்க் குழந்தையை அளவுக்குமேல் தூங்கவைத்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் மந்தமாக்கிவிடக்கூடும். ஆனால் குழந்தையின் ஹார்னர் கண்ணை அலட்சியப்படுத்தவும் முடியாது. பிரசவத்தில் தோள் இழுபட்டதாலும் வரலாம், கழுத்திலோ நெஞ்சிலோ வளரும் நியூரோபிளாஸ்டோமா கட்டியாலும் வரலாம். அதனால் சின்னக் குழந்தைகளுக்குச் சொட்டின் பதிலுக்குக் காத்திராமல் கட்டி இருக்கிறதா என்று நேராகத் தேடிவிடுகிறார்கள்.

பெரியவர்களிடமும் ஆப்ராகுளோனிடின் ஒரு இடத்தில் காலை வாரும். ஏற்பிகள் பெருக நாளாகும். சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல். கழுத்தில் வலி, தலையில் வலி, நேற்றிலிருந்து ஒரு பக்கம் இமை சரிந்து பாவை சிறுத்திருக்கிறது என்று ஒருவர் வந்தால், கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். அப்படிக் கிழிந்தால் அடுத்த சில நாளில் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. அன்றைக்கு ஆப்ராகுளோனிடின் விட்டால், ஏற்பிகள் இன்னும் பெருகாததால், ஹார்னர் இல்லை என்று பொய் சொல்லும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதேபோல, விரிந்த பாவையோடு இமை முழுதாகச் சரிந்து, கண் வெளிப்பக்கம் திரும்பி, இதுவரை அனுபவிக்காத தலைவலியும் இருந்தால் சொட்டுப் பாட்டிலையே தொடாமல் இரத்தக்குழாய் ஸ்கேனுக்கு ஓடுவதுதான் சரி. நீரிழிவாலும் மூன்றாம் நரம்பு பாதிக்கப்படும். அதில் பெரும்பாலும் பாவை தப்பித்துவிடுகிறது.

மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த், சென்னையில் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் நரம்பியல் கண் மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் வயதோ 200 ஆண்டைத் தாண்டிவிட்டது; அது தொடங்கிய 1819-தான் ரூங்கே பூனையைத் தூக்கிக்கொண்டு போன ஆண்டும். இத்தகைய இடங்களில் இந்தச் சோதனைக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. இரண்டு கண்ணிலும் சொட்டு விடுவார்கள். நல்ல கண்தான் ஒப்பிடும் அளவுகோல். அன்று அதற்குமுன் கண் அழுத்தம் பார்க்கவோ மரத்துப்போக வைக்கும் சொட்டு விடவோ அனுமதிக்கக் கூடாது. கார்னியாவின் மேல்தோல் கலைந்தால் ஒரு கண்ணில் மருந்து அதிகம் இறங்கிக் கணக்கே தப்பிவிடும். இதை வரிசையில் முதலில் நிற்கும் உதவியாளரிடமே சொல்லிவிடுவது உத்தமம், ஏனென்றால் மருத்துவரைப் பார்க்கும் முன்பே அந்தச் சொட்டு விழுந்துவிடுவது இங்கே சகஜம். பைலோகார்பின் விட்டால் புருவத்தில் சற்று வலிக்கும், வெளிச்சம் குறைந்ததுபோல் இருக்கும். வண்டியை வேறு யாராவது ஓட்டுவது நல்லது.

போகும்போது பழைய புகைப்படங்களையும் எடுத்துப்போக வேண்டும். கல்யாண ஆல்பம், ஓட்டுநர் உரிமம், செல்போனில் ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய முகப்படங்கள், எதுவானாலும் சரி. ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் பாவை சிவப்பாக மின்னியிருந்தால் இன்னும் நல்லது. கரிய கண்ணிலும் அதன் விளிம்பு அப்போது தெளிவாக விழுந்திருக்கும். மருத்துவர் அதைப் பெரிதாக்கி இரு கண்ணையும் அளந்துபார்ப்பார். பத்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே கண்ணில் அதே வித்தியாசம் இருந்து, இமையும் அசைவும் சரியாக இருந்தால், பல நேரம் சொட்டுப் பாட்டிலைத் திறக்காமலே நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.